இன்னும் நாலு வருஷம்தானே

அலுவலகங்களில் புது மென்பொருள் வரும்போது ஊழியர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்புக்கு யாரெல்லாம் வருகிறார்கள் என்ற பட்டியல் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். பெயர், பிரிவு, பதவி, சில இடங்களில் வயதும் இருக்கும். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் அந்தப் பட்டியலில் அநேகமாக இருக்கமாட்டார்கள். அதே பிரிவில்தான் வேலை பார்ப்பார்கள், மறுநாள் காலையிலிருந்து அதே மென்பொருளைத்தான் அவர்களும் திறந்தாகவேண்டும், ஆனால் பெயர் மட்டும் இருக்காது. ஓரிடத்தில் இதைக் கேட்டேன். மனிதவளப் பிரிவில் இருந்த இளைஞர் தயங்காமல் சொன்னார்: “அவங்களுக்கு இன்னும் நாலு வருஷம்தானே சார். எதுக்குப் போட்டு சிரமப்படுத்தணும்? பக்கத்து சீட்டுல இருக்கிறவங்க பாத்துப்பாங்க.”

அவர் குரலில் அலட்சியம் இல்லை. பெரியவர்களைத் தொந்தரவு செய்யவேண்டாமே என்கிற கரிசனம்தான் இருந்தது. அந்தக் கரிசனம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. வெறுப்போடு ஒருவரை ஒதுக்கினால் எதிர்த்துக் கேட்கலாம். மரியாதையோடு ஒதுக்கினால், ஒதுக்கப்பட்டவரே நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நாலு வருஷத்துக்காக ஒரு மனிதருக்குக் கற்றுக்கொடுப்பது வீண் என்ற முடிவு எங்கிருந்து வந்தது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

உலகத்துக்கு வயதாகிறது என்பது புதுச் செய்தி இல்லை. எவ்வளவு வேகமாக என்பதுதான் நமக்கு உறைப்பதில்லை. 2018-இல், மனித வரலாற்றிலேயே முதல்முறையாக, 65 வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையைத் தாண்டியது. 65-ஐக் கடந்தவர்களின் பங்கு மக்கள்தொகையில் 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர பிரான்சுக்கு 115 ஆண்டுகள் பிடித்தன. ஜப்பானில் அதே மாற்றம் 1970-க்கும் 1994-க்கும் இடையில், வெறும் 24 ஆண்டுகளில் நடந்து முடிந்தது. 1970-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஒருவர் ஓய்வு பெறும் முன்பே அவரைச் சுற்றியிருந்த சமூகம் இன்னொன்றாகிவிட்டது. தென் கொரியாவில் 2024 டிசம்பரில் ஐந்தில் ஒருவர் 65-ஐக் கடந்தவர் என்ற நிலை வந்துவிட்டது. இந்த வேகத்தில் போனால் எந்த அலுவலகத்திலும், எந்தத் தொழிற்சாலையிலும் ‘வயதானவர்கள்’ என்பது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் இல்லை. பாதி அறை அவர்கள்தான்.

ஆனால் நம் ஏற்பாடு முழுக்கப் பழைய காலத்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-இல் முதியோர் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது ஓய்வூதிய வயது 70. அதை 65-ஆகக் குறைத்தது 1916-இல். அந்த 65-தான் பிறகு பல நாடுகளிலும் மனித உழைப்புக்கு இயற்கையே போட்ட எல்லைக்கோடு மாதிரி நின்றுவிட்டது. அதோடு சேர்ந்து ஒரு வரிசையும் உறுதியாயிற்று: முதலில் படிப்பு, அப்புறம் வேலை, கடைசியில் ஓய்வு. இருபது வயதுக்குள் கற்றதை நாற்பது வருடம் செலவழிக்கலாம் என்பது அந்த வரிசையின் அடிப்படை. அச்சுக்கோப்பவரோ கடைசல் பட்டறைக்காரரோ இளமையில் கற்ற கைத்தொழிலைக் கடைசிவரை கொண்டுபோன காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

இடைவேளையில் ஒரு கேள்வி

அதே அலுவலகத்தில், பட்டியலில் பெயர் இல்லாமலே ஒருவர் வகுப்புக்கு வந்தார். கணக்குப் பிரிவு மேடம். பிரிவுத் தலைவரிடம் தானே போய்க் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு நீள நோட்டைத் திறந்து, பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். இடது பக்கத்தில் பழைய மென்பொருளில் ஒரு வேலையை எப்படிச் செய்வார் என்று படிப்படியாக எழுதினார். அதே வேலைக்குப் புதியதில் என்ன வழி என்பது வலது பக்கத்துக்கு. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகப் போக வலது பக்கம் நிரம்பியது. சில வரிகளுக்கு எதிரே ஒன்றும் இல்லை, காலியாகவே விட்டிருந்தார். இடைவேளையில் அந்தக் காலியிடங்களைக் காட்டித்தான் என்னிடம் கேள்வி கேட்டார். அவற்றில் இரண்டு, மென்பொருளை விற்றவர்களே யோசிக்காமல் விட்டவை. மற்றவை, நான் வேறு பெயரில் சொல்லிவிட்டுப் போனவை.

நோட்டை மூடும்போது அவர் கேட்டார்: “சார், இந்த சாஃப்ட்வேர் எத்தனை வருஷத்துக்கு இருக்கும்?”

“மூணு வருஷம். மிஞ்சிப்போனா நாலு. அப்புறம் வேற ஒண்ணு வாங்கிடுவாங்க மேடம்.”

“அப்போ சரி. அதுவும் நானும் ஒண்ணாத்தான் ரிட்டயர் ஆவோம்” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

எனக்கு அதன்பிறகு வகுப்பில் மனம் ஒட்டவில்லை. அவ்வளவு எளிய கணக்கை நாங்கள் யாரும் போட்டுப் பார்த்திருக்கவில்லை. மென்பொருளின் ஆயுள் நாலு வருடம். அவருக்கு மிச்சமிருந்த வேலைக்காலமும் நாலு வருடம். அவருக்குக் கற்றுக்கொடுத்ததில் ஒரு நாள்கூட வீணாகப் போவதில்லை. முன்வரிசையில் இருந்த இருபத்தெட்டு வயதுக்காரருக்கு இன்னும் முப்பது வருட வேலைக்காலம் இருக்கலாம். ஆனால் நான் அன்று சொல்லிக்கொடுத்தது அவருக்கும் நாலு வருடத்துக்குத்தான். அதற்குள் வேறு வேலை கிடைத்து அவர் போய்விட்டால் அந்த நிறுவனத்துக்கு அந்த நாலு வருடமும் இல்லை.

பயிற்சியை முதலீடாகப் பார்க்கும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களில் கேரி பெக்கர் போன்ற பொருளாதார அறிஞர்கள் மனித மூலதனம் என்ற கருத்தை விரித்து எழுதினார்கள். 1992-இல் பெக்கருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கல்விக்கும் பயிற்சிக்கும் செலவழித்தால் அதன் பலனை அறுவடை செய்யக் காலம் வேண்டும், ஆகவே காலம் அதிகம் மிச்சமுள்ள இளைஞருக்குச் செலவழிப்பதே லாபம் என்பது அதிலிருந்து வந்த பொதுப் புத்தி. மனிதவளப் பிரிவு இளைஞர் சொன்னதும் இதைத்தான். ஆனால் எந்த மூலதனத்துக்கும் தேய்மானம் உண்டு. கற்றது மனிதரைவிட நீண்ட காலம் வாழும் என்றிருந்தால்தான் மனிதரின் மிச்ச வருடங்களை எண்ணுவதில் அர்த்தம் இருக்கிறது. இப்போது நிலைமை தலைகீழ். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு நான் ஆசையாகத் தயாரித்த பாடங்களை ஒரே வருடத்தில் தூக்கிப்போட வேண்டியிருந்தது. கற்றது போனபிறகும் கற்றவர் வேலையில் இருக்கிறார், அதுவும் திரும்பத் திரும்ப. எண்ணவேண்டியது மென்பொருளின் வயதை.

இதை ஒத்துக்கொண்டால் இன்னொன்றும் புலப்படுகிறது. அந்தக் கணக்குப் பிரிவு மேடம் பேரேட்டில் கையால் எழுதி வேலையைத் தொடங்கியவர். பிறகு கணினி வந்தது, அதில் ஒரு மென்பொருள், அது போய் இன்னொன்று, அப்புறம் இணையவழி வரித் தாக்கல். முப்பது வருடமாக அவர் புதிதாகக் கற்றுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். பழையதை விட்டுப் புதியதற்கு மாறுவது என்ற அந்தத் திறமையில் அன்றைய வகுப்பில் அவரைவிட அனுபவசாலி யாரும் இல்லை.

வேகம் குறைகிறது, சரி

வயதானால் கற்பது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. குறிப்பாக வேகம் குறைகிறது. மூளையின் திறன்களை ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் இரண்டாகப் பிரித்தார். முன்பின் பார்த்திராத புதிரை அந்த இடத்திலேயே அவிழ்ப்பது ஒன்று. படித்தும் பழகியும் சேர்த்து வைத்ததைக் கொண்டு முடிவெடுப்பது இன்னொன்று. முதலாவது இளமையில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்குகிறது. இரண்டாவது நடுவயதைத் தாண்டியும் நிற்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் வார்னர் ஷாய் 1956-இல் தொடங்கிய ஆய்வு ஒரே ஆட்களை ஏழு வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தது. அதற்கு முன் ஒரே நேரத்தில் இருபது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அறுபது வயதுக்காரர் குறைவாகப் பள்ளிக்கூடம் போனவர் என்பதும் வயதின் கணக்கிலேயே எழுதப்பட்டது. ஒரே ஆளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, வேகத்தைத் தவிர்த்த பெரும்பாலான திறன்கள் சராசரியாக அறுபது வயதுவரை பெரிதாக இறங்கவில்லை.

எனக்கு இன்னும் பிடித்தது உளவியலாளர் டெனிஸ் பார்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. 60 முதல் 90 வயது வரையிலானவர்களில் சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலையும், சிலருக்குத் துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் வேலையும், சிலருக்கு இரண்டும் கற்றுக்கொடுத்தார்கள். வாரத்துக்கு 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு குழு கூடிப் பேசிப் பழகி, சேர்ந்து வெளியே போய்வந்தது, புதிதாக எதையும் கற்கவில்லை. முடிவில் நினைவாற்றல் கூடியது கற்றவர்களுக்குத்தான். அவர்களுக்குக் கொடுத்தது எளிதாக்கிய முதியோர் பாடம் இல்லை என்பது முக்கியம். கேமராவும் போட்டோஷாப் மாதிரியான மென்பொருளும் சேர்ந்த, தலையைச் சொறியவைக்கிற பாடம்.

அப்படியானால் என் வகுப்பில் ஏன் திணறுகிறார்கள்? பல வருடம் பார்த்தபிறகு எனக்குத் தோன்றும் காரணம் பயம். இருபத்தைந்து வயதுக்காரர் “தெரியல” என்று சொன்னால் அது போகப்போகச் சரியாகிவிடும் விஷயம். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் அதே வார்த்தையைச் சொன்னால் அவரைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. அதுவும் தன்னிடம் வேலை கற்ற பையன் இன்று மேலாளராகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யார் கை தூக்குவார்கள்? புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து தடுமாறுவார்கள். அப்போது ‘பக்கத்து சீட்டில் இருப்பவர்’ வருவார். நல்ல பிள்ளைதான். “குடுங்க சார், நான் பண்ணிடுறேன்” என்று மவுஸை வாங்கிக்கொள்வார். கர்சர் நாலு இடத்தில் பறக்கும், பத்து விநாடியில் வேலை முடிந்துவிடும். பெரியவர் கற்றது ஒன்றுமில்லை. அடுத்த தடவை கேட்பதற்கு இன்னும் கூச்சமாக இருக்கும். ஒரு வருடத்தில் அவர் அந்தப் பையனுக்காகக் காத்திருப்பவராக ஆகிவிடுவார். அப்புறம் நாம் சொல்வோம், இந்த வயசுக்கு மேல ஏறாது என்று.

ஆகவே என் வகுப்பில் முதல் விதி, அடுத்தவர் மவுஸை யாரும் தொடக்கூடாது. நானும் தொடமாட்டேன். வாயால் சொல்லலாம், விரலால் ஸ்கிரீனைக் காட்டலாம், அவ்வளவுதான். நேரம் ஆகும், ஆகட்டும். இரண்டாவது மாற்றம் அந்த நோட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. பாடத்தை மென்பொருளின் மெனுவிலிருந்து தொடங்குவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் போன மாதம் முடித்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதையே புதியதில் செய்துபார்க்கச் சொல்கிறேன். சேர்த்து வைத்த அறிவு கைகொடுப்பது அங்கேதான். நல்ல பக்கவிளைவும் ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு மெனு தெரியும், வேலை தெரியாது. மூத்தவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று இவர்கள் அப்போதுதான் கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

இப்படிக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் பார்த்தது. கொரோனாவால் வேலை இழந்தவர்கள் உதவித்தொகைக்குக் குவிந்தார்கள். அந்த விண்ணப்பங்களைக் கையாண்ட பழைய கணினி அமைப்பு, 1959-இல் உருவான கோபால் (COBOL) என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. அது தெரிந்தவர்கள் முன்வந்து உதவவேண்டும் என்று மாநில ஆளுநரே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அந்த மொழியை நன்றாக அறிந்தவர்களில் பெரும்பகுதியினர் அதற்குள் ஓய்வு பெற்றவர்களாகவோ பெறும் தறுவாயில் இருப்பவர்களாகவோ இருந்தார்கள். பணியாளர் ஓய்வு பெறும் கடைசி இரண்டு வாரத்தில் ‘பொறுப்பு ஒப்படைப்பு’ என்று ஒரு கோப்பைத் தயாரிக்கச் சொல்லும் வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தக் கோப்பில் கடவுச்சொல் இருக்கும், தொலைபேசி எண்கள் இருக்கும். முப்பது வருடத்தில் எதையெல்லாம் செய்யாமல் தவிர்க்கக் கற்றார் என்பது இருக்காது.

உடம்பையும் பேசவேண்டும்

இதுவரை சொன்னதெல்லாம் நாற்காலி வேலையைப் பற்றி. வயதானவர்கள் தொடர்ந்து கற்கலாம், தொடர்ந்து உழைக்கலாம் என்று பேசும்போது எனக்கே நெருடுகிற இடம் ஒன்று இருக்கிறது. சாரத்தில் ஏறிக் கல் அடுக்குபவர், நோயாளியைத் தூக்கிப் படுக்கவைக்கும் உதவியாளர், இரவெல்லாம் லாரி ஓட்டுபவர் இவர்களிடம் போய் ‘எழுபதுவரை உழைக்கலாம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2023-இல் பிரான்சில் ஓய்வு வயதை 62-லிருந்து 64-ஆக உயர்த்தியபோது லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். பதினெட்டு வயதில் உடல் உழைப்பைத் தொடங்கியவருக்கும் இருபத்தாறு வயதில் படிப்பை முடித்து வந்தவருக்கும் ஒரே வயதை நிர்ணயிப்பது நியாயம் இல்லை. ஓய்வு என்பது போராடிப் பெற்ற உரிமை. வேண்டும் என்பவரிடமிருந்து அதைப் பிடுங்க ‘வாழ்நாள் கல்வி’ ஒரு சாக்காக ஆகக்கூடாது.

ஆனால் உடல் உழைப்பு விஷயத்திலும் முதலில் மாறவேண்டியது வேலைதான். பிஎம்டபிள்யூ நிறுவனம் 2007-இல் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஆலையில் இதைச் செய்துபார்த்தது. பத்து வருடம் கழித்து ஆலையின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணித்து, இப்போதே அந்தச் சராசரி வரும்படி ஆட்களை ஓர் உற்பத்தி வரிசையில் போட்டார்கள். அப்புறம் அந்த ஆட்களிடமே என்ன வலிக்கிறது என்று கேட்டார்கள். சிமென்ட் தரைக்குப் பதில் மரத்தளம், உட்கார்ந்து எழ வசதியான நாற்காலி, சின்னப் பாகங்களைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி, உயரத்தை மாற்றிக்கொள்ளும் மேசை, ஒரே தசைக்கு வேலை கொடுக்காமல் இடையிடையே ஆள் மாற்றம் என்று ஏறத்தாழ 70 சிறு மாற்றங்கள். பொருள்களுக்கும் கூலிக்குமாகச் செலவு 40,000 யூரோ அளவில்தான். ஒரு வருடத்தில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது. மரத்தளமும் உருப்பெருக்கியும் முப்பது வயதுக்காரரின் முட்டிக்கும் கண்ணுக்கும்கூட நல்லதுதான்.

பணம் கொடுக்கிறார்கள், நேரம்?

அரசாங்கங்கள் சும்மா இருக்கின்றன என்று சொல்லமுடியாது. சிங்கப்பூர் 2015-இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தைத் தொடங்கி, 25 வயதைக் கடந்த குடிமக்கள் எல்லாருக்கும் பயிற்சிக்காக 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரவு வைத்தது. 2024-இல் 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி. நாற்பதைக் கடந்தவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது என்பதே பட்டியலில் பெயர் வெட்டும் பழக்கத்துக்கு நேர் எதிரானது, அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் என் வகுப்புக்கு வரும் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர்களிடம் பேசினால் பணத்தைப் பற்றி அவர்கள் அதிகம் சொல்வதில்லை. நேரத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் உடல்நிலையும் ஒரே சமயத்தில் தலையில் இருக்கிற வயது அது. பெண்களுக்கு இன்னும் அதிகம். பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டு ஐம்பதுக்குமேல் திரும்பி வர நினைப்பவர்கள், கற்பதற்கு மாலை வகுப்பு இருக்கிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். மாலை அவர்களுடையது இல்லை.

பிரான்சில் 2015-இல் ஒவ்வொரு தொழிலாளருக்கும் தனிப்பட்ட பயிற்சிக் கணக்கு ஒன்று தொடங்கினார்கள். அதில் வருடத்துக்கு 24 மணி நேரம் என்று ஆரம்பத்தில் நேரமாகவே வரவு வைத்தார்கள். 2019-இல் அதை யூரோவாக மாற்றிவிட்டார்கள், வருடத்துக்கு 500. செலவழிக்க வசதி என்பதுதான் காரணம், வசதிதான். என்றாலும் எனக்கு அந்தப் பழைய மணிக்கணக்கே சரியென்று படுகிறது. பணம் கையில் இருந்தும் கற்காமல் போகலாம். கற்பதற்கென்று நேரம் எழுதி வைத்திருந்தால் மேலாளர் அதைத் தாண்டிப் போகமுடியாது. ஸ்வீடன் இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறது. ஊழியர்கள் படிப்புக்காக விடுப்பு எடுக்கும் உரிமை அங்கே 1970-களிலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. 2022-இலிருந்து, நடுவில் வேலையை நிறுத்திப் படிக்கப் போகிறவருக்கு ஒரு வரம்புக்கு உட்பட்டுச் சம்பளத்தில் 80 சதவீதம்வரை, 44 வாரம்வரை உதவி கிடைக்கிறது. 27 வயதில் தொடங்கி அறுபதைக் கடந்தவர்கள்வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். படிப்பு, வேலை, ஓய்வு என்ற வரிசையைக் கலைத்து நடுவயதில் மறுபடி ஒரு படிப்புக்கு இடம் விட்டிருக்கிறார்கள். மிச்சம் எத்தனை வருடம் என்று அங்கே மேலாளர் முடிவு செய்வதில்லை.

என் அளவில் என்னால் ஆனது ஒப்பந்தத்தில் இரண்டு வரி. பயிற்சிப் பட்டியலில் வயதுக்கான கட்டம் இருக்கக்கூடாது, அந்த மென்பொருளைத் திறக்கப்போகிற எல்லார் பெயரும் இருக்கவேண்டும் என்பது ஒன்று. வகுப்பு வேலை நேரத்துக்குள்தான் நடக்கும், சனிக்கிழமையிலோ மாலை ஆறு மணிக்குமேலோ நடத்தமாட்டேன் என்பது இன்னொன்று. முதல் வரியை அநேகமாக எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதுக்குத்தான் பேரம். “ரெண்டு மணி நேரம்தானே, சாயங்காலம் வெச்சுக்கலாமே” என்கிறார்கள். சிலர் வேறு பயிற்சியாளரைத் தேடிப் போயிருக்கிறார்கள். அந்த வரியை எடுப்பதாக இல்லை.